காக்கா கூட வராத நிலம்

நாற்பத்தாறு வயதில் நான் நிலத் தரகன் ஆனேன். அதற்கு முன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சூலம் என்று ஊருக்கு அடுத்த ஆண்டு நடக்கப்போவதை எல்லாம் இந்த ஆண்டே படித்து முடித்துவிடுகிற வேலை. தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன் போட வேண்டும். எழுதித் தருகிற ஜோதிடர் வெளியூர் போயிருந்தபோதெல்லாம் அதை நானே நிரப்பியிருக்கிறேன். என் ராசிக்கு ஒருநாளும் ‘நஷ்டம்’ போட்டதில்லை. அப்படியிருந்தும், பிழை திருத்தும் பிரிவு இனித் தேவையில்லை, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நாள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அன்றைய தாளைப் பார்த்தேன். என் ராசிக்கு ‘மகிழ்ச்சி’ என்று இருந்தது.

என் மனைவியின் அண்ணன் விருதுநகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், சிக்கலே அதுதான். செய்தி கேட்ட மறுநாளே வந்து, கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், நீங்கள் வந்தால் எனக்குப் பெரிய உதவி என்று, உதவி கேட்கிறவரைப்போலவே பேசினார். நான் நிலம் வாங்கி விற்கிற தொழிலில் இறங்கப்போவதாகச் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்காமல் தலையாட்டினார்.

“சரி மாப்ள. ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரே ஒரு எடத்தையாவது முடிச்சுக் காட்டுங்க. முடியலேன்னா, ஆடித் தள்ளுபடிக்கு நீங்கதான் எனக்குக் கல்லாவுல இருக்கணும்” என்றார்.

என் மனைவி அந்தப் பக்கம் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு மட்டும் காபியில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

கல்லாவில் உட்காருவது எனக்கு இழிவாகப் படவில்லை. ஆனால் என் மச்சானை எனக்குத் தெரியும். குத்துவிளக்கு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், குரலைத் தாழ்த்தி, “நம்ம தங்கச்சி வீட்டுக்காரர். நெறையப் படிச்சவர். நேரம் சரியில்ல” என்று சொல்லுவார். வாழ்நாள் முழுக்க அவருடைய நல்ல மனசுக்குச் சாட்சியாக, தண்ணீர்க் குடங்களுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து தப்ப ஆடி வரைக்கும் அவகாசம். ஆடியில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் பத்திரம் பதியமாட்டார்கள் என்பதால் அது கறாரான அவகாசமும்கூட.

தரகனுக்கு முதலில் வேண்டியது வாய் என்றார்கள். எனக்கு எழுத்தில் இருந்த வாய் பேச்சில் இல்லை. பத்துப் பேர் படித்த புத்தகத்தில் பதினோராவது ஆளாகத் தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு மனைக்கல் பக்கத்தில் நின்று ‘இதை வாங்குங்கள்’ என்று சொல்லத் தெரியவில்லை. முதல் சில வாரங்கள் இடம் வாங்குகிற பார்ட்டி வந்தாலே வாய் அடைத்துக்கொண்டது. அப்புறம் அது எதிர்த்திசையில் உடைத்துக்கொண்டது. திருத்தங்கல்லில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு மனை காட்டப் போய், மாடியில் நின்றால் அந்தி வானம் எப்படித் தெரியும் என்று விவரித்தேன். மாடியே இன்னும் கட்டப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று கேட்டான். அதை நான் விசாரித்திருக்கவில்லை. இன்னொரு முறை ஒரு வாத்தியாருக்கு அரைமணி நேரம் மனை காட்டி முடிக்கிற நேரத்தில், வேறொரு தரகர் தன் பார்ட்டியோடு வந்து, தன் மனையை நான் எதற்காக விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டார். எல்லாக் கல்லுக்கும் ஒரே மஞ்சளை அடித்து வைத்தால் பிழை திருத்துகிறவன் என்ன செய்வான்?

தாயில்பட்டிப் பக்கத்து நிலம் என் கைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். நிலத்துக்குச் சொந்தக்காரர் சிவகாசியில் மாவு அரைத்து விற்கிற ஓர் அக்கா. கணவர் வழியில் வந்த கரிசல். மனை போடலாம் என்று அழைத்துப்போன தரகர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார்களாம். நீங்களும் பார்த்து வையுங்கள் என்று, மிஞ்சிய மாவைக் கொடுத்துவிடுகிற மாதிரி என்னிடம் கொடுத்தார்.

போய்ப் பார்த்தேன். தார் ரோட்டிலிருந்து வண்டித் தடம் ஒன்று கிளம்பி, போகப் போக மனம் மாறி, சீமைக்கருவேலத்துக்குள் காணாமல் போயிற்று. அதற்கப்பால் நிலம். கிணறு கிடையாது, மின்கம்பம் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கூரை கிடையாது. மனிதர்கள் வாழ்ந்து சலித்து விட்டுப்போன இடங்கள் உண்டு. இது, வந்து பார்க்கவே சலித்துக்கொண்ட இடம்.

ஆனாலும் ஆலோசனை சொல்லாமல் இருக்கத் தரகனால் முடியுமா? அக்காவிடம் போய், ஆள் நடமாட்டம் இல்லாததுதான் குறை என்றேன். ஒரே ஒரு வீடு இருந்தால்கூட வாங்குகிறவருக்குத் தைரியம் வரும் என்றேன். யாராவது போனில் கேட்டால் தயங்காமல் அந்தப் பக்கம் நல்ல ஜனப்புழக்கம், காலையில் பால்காரர்கூட வருகிறார் என்று சொல்லுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தேன். மாவு ஒட்டிய கையோடு அவர் அத்தனையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். என்னை அவ்வளவு கவனமாகக் கேட்ட முதல் வாடிக்கையாளர் அவர்தான் என்பதால், அதன் விளைவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, “நீங்க சொன்ன மாதிரி ஏற்பாடு பண்ணியாச்சு தம்பி” என்று போனில் சொன்னார். கோயிலில் வேண்டிக்கொண்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிலத்துப் பக்கம் நான் திரும்பிப் போகவில்லை.

ஆனி பிறந்தது. நான் ஒரு மனையும் முடித்திருக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் புது மின்விசிறி மாட்டியிருப்பதாக மச்சான் என் மனைவியிடம் சொல்லி அனுப்பினார். அந்த வாரத்தில்தான் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சி போன் செய்தார். என் பழைய அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்து வாங்குகிறவர். என்னை முகம் தெரியும். ஓர் இடம் வேண்டும் என்றார். நான் உற்சாகத்தில், எதற்கு என்று கேட்காமல், சரி என்றேன்.

கையில் இருந்ததிலேயே சிறந்ததைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்து, அவர் காரிலேயே அவரைச் சூலக்கரைக்குக் கூட்டிப்போனேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம், ரோட்டு மேலேயே இடம். வழியெல்லாம் பேசினேன். பள்ளிக்கூடம் பக்கம், பஸ் வாசலில் நிற்கும், ரெண்டு பக்கமும் குடியிருப்பு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட ஆள் நடமாட்டம், தலைக்கு மேலேயே கரண்டு லைன் போகிறது, கம்பிக்கு அலைய வேண்டாம். அந்தி வானத்தை மட்டும் இந்தமுறை விட்டுவிட்டேன். நானே எதிர்பாராத அளவுக்கு நன்றாகப் பேசியதாக எனக்குத் தோன்றியது. இடம் வந்தது. அண்ணாச்சி இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் பாதி இறக்கிப் பார்த்தார்.

“தம்பி, நமக்கு வெடிக் கம்பெனிக்கு எடம் வேணும். இங்கன மருந்து ரூம் போட்டா, கலெக்டரே எந்திரிச்சு வந்துருவாரு” என்றார்.

சிவகாசியில் பிறந்து வளர்ந்தவன் நான். பட்டாசு ஆலையைச் சுற்றி வீடு இருக்கக் கூடாது, ஆலைக்கு மேலே மின்கம்பி போகக் கூடாது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததல்ல. அந்தச் சட்டம் எதனால் வந்தது என்றும் எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. எங்காவது சத்தம் கேட்டால், புகை எந்தத் திசையில் என்று பார்த்துக்கொண்டே போனை எடுத்துத் தங்கள் ஆளைக் கூப்பிடுகிற ஊர்கள் இவை. இருந்தும், தரகன் என்றால் நல்லதைச் சொல்ல வேண்டும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஆகாததை எல்லாம் ஒன்று விடாமல் அடுக்கியிருக்கிறேன்.

திரும்பி வருகிற வழியில் அண்ணாச்சி, கோபமில்லாமல், தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். சுற்றிலும் குடியிருப்பு ஆகாது. கம்பி ஆகாது. பொதுப்பாதை ஊடே போகக் கூடாது. பக்கத்தில் இன்னொரு கம்பெனியும் இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் இந்த வட்டாரத்திலேயே இல்லாமல் போயிற்று, எங்கே பார்த்தாலும் மஞ்சள் கல்லை நட்டுவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு வண்டித் தடம் என் கண்முன்னால் சீமைக்கருவேலத்துக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு எடம் இருக்கு. ரொம்ப மோசமான எடம்” என்றேன்.

அதற்கப்புறம் நான் பேசியதை இன்று நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது. அந்த நிலத்தைத் திட்டினேன். ஒரு புதுமுக எழுத்தாளரின் முதல் நாவலைத் திட்டுகிற ஆர்வத்தோடு திட்டினேன். வாய் அடைக்கவில்லை, வார்த்தை தேடவில்லை. கார் திருத்தங்கல் தாண்டுவதற்குள் அண்ணாச்சி டிரைவரிடம், வீட்டுக்கு வேண்டாம், நேரே தாயில்பட்டிக்கு விடு என்றார்.

இடம் பார்க்க வருகிறவர்களை அதுவரை நான் நிறையப் பார்த்திருந்தேன். எல்லாரும் நடுவில் நின்று தரையைப் பார்ப்பார்கள். வாசல் இங்கே, அடுப்படி அங்கே என்று கையை ஆட்டுவார்கள். அண்ணாச்சி நிலத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்துக்குப் போய், நிலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வெளியே பார்த்தார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தலையைத் திருப்பினார். பிறகு அடுத்த மூலை. அங்கேயும் அப்படியே. மூன்று மூலைகள் முடிந்தபோது அவர் முகம் கல்யாண வீட்டில் முதல் பந்தி முடித்தவர் முகம்போல இருந்தது. நான் அவர் பின்னாலேயே முள்ளை ஒதுக்கிக்கொண்டு நடந்தேன். ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. கல்லாவின் புது மின்விசிறிக்குக் கீழே வேறு யாரையோ உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது மூலையில் அண்ணாச்சி நின்றுவிட்டார்.

“அங்கன வீடு இருக்கே, தம்பி.”

சீமைக்கருவேலத்துக்கு அந்தப் பக்கம், நீல நிறத்தில், புத்தம் புதிதாக, ஒற்றை அறை. ஜன்னலில் பூப்போட்ட திரை. வெளியே கொடி கட்டி, அதில் ஒரு சேலை, ஒரு கைலி, ரெண்டு சின்னப் பிள்ளைச் சட்டை. வாசலில் துளசிச் செடி. பங்குனியில் நான் பார்த்தபோது அங்கே ஓணான் மட்டும்தான் இருந்தது.

ஒரு குடும்பம் குடியிருந்தாலும் உரிமம் கிடைக்காது, யார் வீடு என்று கேளுங்கள் என்றார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போடச் சொன்னார் அண்ணாச்சி. போட்டேன். பார்ட்டியோடு நிலத்தில் நிற்கிறேன், இந்தக் கீழ்மூலைக்குப் பக்கத்தில், என்று நான் தொடங்குவதற்குள் அக்கா தொடங்கிவிட்டார்.

“பார்ட்டி பக்கத்துலதான் இருக்காகளா? அவுககிட்ட நல்லாச் சொல்லுங்க தம்பி, அங்கன தனிமைங்கிற பேச்சுக்கே எடமில்ல. குடும்பங்குடும்பமா வந்து குடியேறிட்டாக. காலையில பால்காரர் வாராரு, கீரைக்காரி வாரா. பிள்ளைக போடுற சத்தத்துல மத்தியானம் கண்ணசர முடியலன்னா பாத்துக்கோங்க.”

என் வாழ்க்கையில் நான் சொல்லிக்கொடுத்ததை ஒருவர் இவ்வளவு திருத்தமாகத் திருப்பிச் சொன்னதில்லை. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

வழக்கமான நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடியிருப்பேன். கார்க் கதவைத் திறந்தும் விட்டிருப்பேன். அப்படியே ஆடி முதல் தேதி குளித்து விபூதி இட்டுக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அந்தக் கொடியில் கிடந்த சேலை என்னை உறுத்தியது. மாவுக் கடையில் அக்கா கட்டியிருந்து அந்தச் சேலையை நான் பார்த்திருந்தேன். பிழை திருத்திய கண்ணுக்கு ஒரு தடவை பார்த்தது போகாது.

“அண்ணாச்சி, நில்லுங்க. நான் போய்ப் பாத்துட்டு வாறேன்” என்றேன்.

வேண்டுகோளாகச் சொல்ல நினைத்தது, உத்தரவாக வந்துவிட்டது. அவர் நின்றுவிட்டார். அவருக்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம்.

முள்ளுக்குள் நுழைந்து போனேன். துணிகள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்து அப்பளம்போல விறைத்திருந்தன. துளசி பிளாஸ்டிக். கதவில் பூட்டு. திரையை விலக்கிப் பார்த்தால், உள்ளே அடுப்பு வைக்கிற மேடையில் கரியே இல்லை. ஒரு மூலையில் சிமெண்ட் சாக்கு, அதன்மேல் சிலந்தி வலை. அறையைச் சுற்றி வந்தபோது காலில் எதுவோ இடித்து உயிர் போயிற்று. குனிந்து பார்த்தேன். எல்லைக் கல். அறைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது; நாங்கள் மூலை என்று நினைத்தது முள்ளின் ஓரத்தைத்தான். ஆக, அறை நிற்பது பக்கத்து நிலத்தில் இல்லை, அக்காவின் நிலத்துக்குள்ளேயே. ஒரு வீடு இருந்தால் போதும் என்று நான் சொன்னதற்கு, அக்கா வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. கொத்தனாரை வைத்திருக்கிறார்.

நொண்டிக்கொண்டே நின்று அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டியில் முள் குத்தக் குத்த அவர் வந்தார். கல்லைக் காட்டினேன். பூட்டைக் காட்டினேன். துளசியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்து, ஓர் இலையைத் திருப்பியும் பார்த்தார்.

“அப்ப அந்தம்மா சொன்ன பால்காரர்?”

“பால்காரர் நான் சொல்லிக்குடுத்தது. கீரைக்காரி அவுக சொந்தச் சரக்கு” என்றேன்.

மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் பேசுவது எவ்வளவு சுலபம். வீட்டு மனையாக விற்பதற்கு நான் சொன்ன யோசனை, அதை அக்கா நம்பிக் கட்டிய அறை, எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. திரும்ப அக்காவுக்குப் போன் போட்டு, அவர் பேச்சை எடுப்பதற்கு முன்னால் நானே, வந்திருப்பது பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி, ஆள் இல்லாத இடம்தான் வேண்டுமாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை யாரோ நிறுத்தினார்கள்.

“அதை மொதல்லயே சொல்லப்படாதா, தம்பி?” என்றார் அக்கா. “அது ஒரு எடமா? காக்கா கூட வராது. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அங்கன போய்ட்டு வந்தா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாரு. பேயே அங்கன ஒத்தையில இருக்கப் பயந்துக்கிட்டு ஊருக்குள்ள வந்துருச்சுன்னு எங்க மாமியா சொல்லுவாக. மனுசன் மொகத்தைப் பாக்கணும்னா கண்ணாடி கொண்டுதான் போகணும்.”

முன்பு பொய் சொன்ன அதே வேகம், அதே நம்பிக்கை. அண்ணாச்சியின் தோள் முதலில் குலுங்கியது; அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த வெளியில் அது வெகுதூரம் போயிற்று, திருப்பி அனுப்ப ஒரு சுவர்கூட இல்லாததால்.

“ஒரு எடத்தைப் பத்தி இம்புட்டுக் கேவலமா யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல. அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க தம்பி, பேசி முடிச்சிருவோம்” என்றார்.

மறுநாள் பேச்சில் இருவருக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஏறியபோது இறக்கினேன், அண்ணாச்சி இறங்கியபோது ஏற்றினேன். இருவரும் ஒரே நேரத்தில் என்மேல் கோபப்பட்ட இடத்தில் விலை நின்றது. அதுதான் நியாயமான விலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கட்டிய அறையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அக்கா கொஞ்சம் கலங்கினார். பால் காய்ச்சியிருக்கிறாராம். கதவையும் நிலையையும் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்ல, அண்ணாச்சி தலையாட்டினார். துளசி என்று அக்கா இழுத்தார். அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணாச்சி.

பத்திரப் பதிவுக்கு நாள் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி காலண்டரைத் தேடினார். நான் ஆனியில் மிச்சமிருந்த முகூர்த்த நாட்களை, நல்ல நேரத்தோடு, ராகு காலத்தைக் கழித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். போன வருஷம் நான் கடைசியாகத் திருத்திய தாள்கள் அவை. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை மாறியது. ஆலைக்கு அதிகாரிகளிடம் உரிமம் வாங்குவது தனிப் புராணம், அது அதன் போக்கில் நடக்கும். நிலம் மட்டும் ஆனி முடிவதற்குள் அவர் பெயருக்கு மாறியது. பதிவு அலுவலகத்து வாசலில் இரண்டு பட்டாசு முதலாளிகளிடம் என்னைக் காட்டி, “நெலத்தக் கொறை சொல்லி விக்கிற ஆளு” என்றார் அண்ணாச்சி. இரண்டு பேரும் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். நீல அறை வருகிற இடத்தில் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, “அண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. போன்ல வேணாம். மொகத்தப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அவள் பல வருஷங்களுக்கு அப்புறம் எடுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

விருதுநகர்க் கடையில் ஆடித் தள்ளுபடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் புது மின்விசிறியோடு, புது நாற்காலியும் இருந்தது. நாற்காலியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தது. என் மச்சான் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். நிலம், அண்ணாச்சி, பதிவு. அவர் முகத்தில் சந்தோஷம் உண்மையாகவே வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது, அதை அவரால் மறைக்க முடியவில்லை. பாவம், தள்ளுபடி நேரத்தில் நிஜமாகவே அவருக்கு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

“அப்ப இந்த எடத்துல நான் யாரை ஒக்காரவைக்க, மாப்ள?” என்றார்.

“காலியா ஒரு எடம் இருக்குன்னு சொல்லிட்டீகள்ல, மச்சான்” என்றேன். “ஆளக் கொண்டுவாறது என் வேலை.”

சொன்னபடி அந்த வாரமே ஒருவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். என் பழைய அச்சகத்தில் என்னோடு பிழை திருத்தியவர். சில்லறையில் ஒரு பைசா பிசகாது என்று சொன்னேன், பேசவே மாட்டார் என்ற குறையையும் சேர்த்துச் சொன்னேன். மச்சான் யோசித்துவிட்டு, பேசாத ஆள்தான் கல்லாவுக்கு வேண்டும் என்றார். கமிஷன் எவ்வளவு என்று அவர் விளையாட்டாகக் கேட்டபோது, நான் விளையாட்டாக இல்லாமல் சொன்னேன். கொடுத்தார்.